ஏழு வயதுக்கும் ஒரு வேலை, எழுபதுக்கும் ஒரு வேலை

தில்லியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் பலவற்றிலும் ஒரே காட்சிதான். குழந்தைகள் மேடையில் ஒரு நடனம் ஆடிவிட்டு வெளியே ஓடிவிடுகிறார்கள். பதின்வயதினர் கடைசி வரிசையில் கைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரர்கள் மைக், சாப்பாடு, வரவுசெலவு என்று ஓடிக் களைக்கிறார்கள். பெரியவர்களுக்கு முன்வரிசை, ஒரு பொன்னாடை, பிறகு நீண்ட காத்திருப்பு. எல்லா வயதினரும் வந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் யாரோடும் சேரவில்லை.

இப்படி ஒரு கூட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இதைச் செய்பவராக இருக்கலாம், குடியிருப்போர் சங்கத்தில் தன்னார்வலராக இருக்கலாம், வழிபாட்டுக் குழுவின் செயலாளராக இருக்கலாம். உங்கள் வேலையின் சாரம் ஒன்றே: வருகிற ஒவ்வொருவருக்கும், அவர் இல்லாவிட்டால் கூட்டம் நடக்காது என்கிற மாதிரி ஒரு வேலை கொடுப்பது. இடம் ஒதுக்கினால் வந்து உட்காருவார்கள். பொறுப்பு கொடுத்தால்தான் சேருவார்கள்.

யூனிடேரியன் மரபு சொல்லும் செய்தி

எல்லா வயதினரையும் ஒரே வழிபாட்டில் உட்காரவைப்பதை நெடுநாளாக யோசித்து வந்தவர்கள் யூனிடேரியன்கள். கடவுள் ஒருவரே என்ற நம்பிக்கையில் தொடங்கி, பகுத்தறிவுக்கும் மனசாட்சிக்கும் முதலிடம் தந்த சமய மரபு அது. கட்டாயக் கோட்பாடு எதுவும் இல்லாத சபையில் எல்லோரையும் கட்டிவைப்பது கூடிச் செய்யும் காரியங்கள்தான். அதனால் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பது அவர்களுக்கு உயிர்நாடியான கேள்வி.

இந்தியாவில் இதன் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. அதில் தமிழருக்கும் பங்கு உண்டு. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795-இல் சென்னையில் யூனிடேரியன் சபையைத் தொடங்கினார். 1813-இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஆலயம் எழுந்தது. அவருக்குப் பின் மகன் அதை ஏற்று நடத்தினார். இன்றைய மேகாலயாவில் உள்ள ஜோவாய் ஊரில், 1887 செப்டம்பர் 18 அன்று ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் காசி மக்களின் யூனிடேரியன் இயக்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 22. அந்த இயக்கம் இன்றும் தழைத்திருக்கிறது. இருபத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை நம் குழுக்களில் நாற்காலி அடுக்கத்தான் கூப்பிடுகிறோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

தில்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1821-இல் கல்கத்தா யூனிடேரியன் குழுவை அமைத்தவர்களில் ஒருவரான ராம்மோகன் ராய்க்கு 'ராஜா' பட்டம் கொடுத்தவர் தில்லியின் முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் ஷா. அவருடைய தூதராக இங்கிலாந்து சென்ற ராய், 1833-இல் பிரிஸ்டல் நகரில், யூனிடேரியன் நண்பர்களின் பராமரிப்பில் இருந்தபோது காலமானார்.

தில்லியிலேயே மூன்று பயிற்சிக்கூடங்கள்

வேலையைத் தொடங்கும் முன் மூன்று இடங்களுக்குப் போய் வாருங்கள். பக்திக்காகப் போனாலும் சரி, இந்த முறை ஒருங்கிணைப்பாளரின் கண்ணோடு பாருங்கள்.

முதலாவது, கன்னாட் பிளேஸ் அருகே உள்ள பங்களா சாகிப் குருத்வாரா. 1664-இல் தில்லியில் தொற்றுநோய் பரவியபோது இங்கே தங்கி நோயாளிகளுக்குத் தொண்டு செய்தவர் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிருஷன். அவர் அதே ஆண்டு மறைந்தபோது எட்டு வயதுகூட நிறையவில்லை. ஒரு சிறுவனின் சேவையை நினைவுகூரும் இடத்தில், சேவைக்கு வயது வரம்பு இல்லை. லங்கர் எனப்படும் பொது விருந்தின் சமையற்கூடத்தில் சிறிது நேரம் நின்றாலே தெரியும்: ஒருவர் மாவைப் பிசைகிறார், ஒருவர் ரொட்டி இடுகிறார், ஒருவர் திருப்பிப் போடுகிறார், இன்னொருவர் வரிசையில் பரிமாறுகிறார். வேலை சிறுசிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். உங்கள் கூட்டத்தின் வேலைகளையும் அப்படித் துண்டாக்குங்கள். 'சாப்பாட்டுப் பொறுப்பு' என்று ஒருவர் தலையில் மொத்தமாகக் கட்டாதீர்கள். தட்டு எண்ணுவது, எலுமிச்சை நறுக்குவது, தண்ணீர் நிரப்புவது, மிச்சத்தைப் பொட்டலம் கட்டுவது என்று பத்தாகப் பிரித்தால் பத்து வெவ்வேறு வயதினர் சேர முடியும்.

இரண்டாவது, கல்காஜி பக்கம் உள்ள தாமரைக் கோயில். பஹாய் சமயத்தவரின் இந்த வழிபாட்டு இல்லம் 1986-இல் திறக்கப்பட்டது. 27 இதழ்கள், ஒன்பது பக்கங்கள். உள்ளே பிரசங்கம் கிடையாது. வழிபாட்டு நேரத்தில் பல சமய நூல்களிலிருந்தும் ஓதுகிறார்கள், மற்றபடி மௌனம். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் பள்ளிச் சுற்றுலாவும் குவிகிற இடத்தில் மௌனம் எப்படிச் சாத்தியமாகிறது? தன்னார்வலர்கள் கூட்டத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சில வாக்கியங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். பாடம் இதுதான்: விதிகளை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே வந்தபின் குழந்தையைப் பார்த்து 'உஷ்' என்றால் தாய்க்கு அவமானம். அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

பஹாய் குழுக்களிடமிருந்து இன்னொன்றும் கற்கலாம். அவர்களுடைய பத்தொன்பது நாள் விருந்து மூன்று பகுதிகளாக நடக்கும்: வழிபாடு, கலந்தாலோசனை, விருந்தோம்பல். குழந்தைகளுக்கு வகுப்பு, 12 முதல் 15 வயதினருக்குத் தனிக்குழு என்று இருந்தாலும், அவற்றை நடத்தும் பயிற்சி 15 வயதைக் கடந்தவர்களுக்கே திறந்திருக்கிறது. நேற்று கற்றவர் நாளை கற்பிக்கிறார்.

மூன்றாவது, தீஸ் ஜனவரி மார்க்கில் உள்ள காந்தி ஸ்மிருதி, அன்றைய பிர்லா இல்லம். 1947 செப்டம்பரிலிருந்து 1948 ஜனவரி 30 வரை காந்தி மாலைதோறும் இங்கே புல்வெளியில் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தினார். பல சமயங்களின் பிரார்த்தனைகள் முதலில். பேச்சு அதன் பிறகு. பிரார்த்தனையில் பாடியவர்களில், காந்திக்குப் பேத்தி முறையான, இருபது வயதையொட்டிய மனுவும் ஒருவர். அந்த மாதங்களில் தில்லியில் நடந்த கூட்டங்களில் குர்ஆன் வசனத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது, காந்தி அதைக் கூட்டத்தின் முன்னேயே வைத்துக் கேட்டார். எதிர்ப்பு இருந்த நாட்களில் பிரார்த்தனையை நிறுத்திவைத்ததும் உண்டு. உங்கள் குழுவிலும் 'இந்தப் பாட்டு வேண்டாம்' என்று ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சை வாட்ஸ்அப்பில் புகைய விடாமல், திட்டக் கூட்டத்தில் நேராகப் பேசி முடியுங்கள்.

யாருக்கு என்ன வேலை

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர். இரண்டு பெயருக்கும் இடையே குறைந்தது இருபது வயது வித்தியாசம் இருக்கட்டும். கூட்டத்தில் பாதி ஒற்றுமையை இந்த ஒரு விதியே கொண்டுவந்துவிடும்.

• 4 முதல் 6 வயது: பாய் விரிக்க உதவுவது, வருகிறவர்களுக்குப் பூ கொடுப்பது. வேலை பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

• 7 முதல் 11: செருப்புக்கு டோக்கன் கொடுப்பது, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது, ஒரு வாசகம் படிப்பது. படிக்கப்போகும் குழந்தைக்கு ஒரு வாரம் முன்பே தாளைக் கொடுத்துவிடுங்கள்.

• 12 முதல் 15: மைக், ஸ்பீக்கர், புகைப்படம், வாசல் வரவேற்பு. 'சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்' என்ற ஒரே வேலையை, அதுவும் பெண் பிள்ளைகளிடம் மட்டும், தள்ளிவிடாதீர்கள்.

• 16 முதல் 20: நேரக் கட்டுப்பாடும் வட்ட உரையாடலை நடத்துவதும். 'அங்கிள், இன்னும் ரெண்டு நிமிஷம்' என்று பேச்சாளரிடம் சீட்டு நீட்டும் அதிகாரத்தை இவர்களுக்குக் கொடுங்கள். அதை மதிக்க வேண்டும் என்று பேச்சாளரிடம் முன்பே சொல்லுங்கள்.

• 21 முதல் 35: குர்கானிலும் நொய்டாவிலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள், வாரக் கடைசியில்தான் தூங்குகிறவர்கள். 'முழு நாளும் வேண்டும்' என்றால் வரமாட்டார்கள். '11.30 முதல் 12 வரை பரிமாற வா' என்றால் வருவார்கள்.

• 36 முதல் 59: பணம், அனுமதி, சமையல். இவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி, ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் ஓய்வு கொடுப்பதுதான்.

• 60-க்கு மேல்: கதை சொல்வது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, புதியவர்களோடு முதல் பேச்சைத் தொடங்குவது, கணக்கைச் சரிபார்ப்பது. வங்கியிலும் ரயில்வேயிலும் அமைச்சகத்திலும் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களிடம் ஆசி மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புவது பெரிய வீணடிப்பு.

யாரையும் அழுத்தக்கூடாது என்பதும் விதியே. சும்மா உட்கார்ந்து கேட்கத்தான் வந்தேன் என்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வேலை இருக்கிறதா என்று அவரிடம் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.

நாளும் இடமும்

தில்லியில் நாள் குறிப்பது பாதி வேலை. மே, ஜூன் வெயில் முதியவர்களை வீட்டில் அடைத்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை புகையும் பனிமூட்டமும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்பது அரசின் அளவுகோல். 300-க்கு மேல் போனால் எல்லாவற்றையும் உள்ளே மாற்றுங்கள். 400-க்கு மேல் என்றால் தயங்காமல் தள்ளிவையுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் எழுபது வயது நுரையீரலுக்கும் ஒரே ஆபத்துதான். பிப்ரவரி அருமையான மாதம், ஆனால் நடுவில் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு தொடங்கிவிடும். பிப்ரவரி முதல் ஞாயிறு எல்லோருக்கும் ஒத்துவரும்.

மெட்ரோ நிலையத்தில் லிப்ட் இருக்கும். முதியவர்களைத் தடுப்பது நிலையத்திலிருந்து ஹால்வரை உள்ள கடைசி அரை கிலோமீட்டர். அந்த வழியில் இ-ரிக்‌ஷா ஓடுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய்ப் பாருங்கள். இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை நிலைய வாசலில் நிறுத்துங்கள். 'பாராத் கர்' எனப்படும் சமுதாயக் கூடம் எடுத்தால், கழிவறைக்குப் படியேற வேண்டுமா என்பதை வாடகைக்கு முன்னால் கேளுங்கள். பூங்காவில் கூடுவதாக இருந்தால் பராமரிக்கும் அமைப்பின் அனுமதியும், ஒலிபெருக்கி வைத்தால் அதற்கான எழுத்துமூல அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

நாற்காலிகளைத் தனி வரிசையாகப் போடாதீர்கள். பாய்களுக்கு நடுவே அங்கங்கே போடுங்கள். தரையில் உட்கார முடியாத பாட்டி, பேரன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்காருவார்.

நிகழ்ச்சி நிரல்: 75 நிமிடம்

ஆறு வயதுக் குழந்தையும் எண்பது வயது முதுகும் ஒரே இடத்தில் உட்காரும் நேரம் அதற்கு மேல் இல்லை.

10.30: விளக்கேற்றல். சுடர் ஏந்திய கிண்ணம் யூனிடேரியன்களின் அடையாளம். 1941-இல் அகதிகளுக்கு உதவிய யூனிடேரியன் சேவைக் குழுவுக்காக ஹான்ஸ் டாய்ச் என்ற ஓவியர் வரைந்தது அது. நீங்கள் குத்துவிளக்கே ஏற்றலாம். கூட்டத்தில் மிக இளையவரும் மூத்தவரும் சேர்ந்து ஏற்றட்டும். தீ இருப்பதால் ஒரு பெரியவர் கூடவே நிற்கட்டும்.

10.35: பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த பல்லவி ஒன்று, கைதட்டோடு.

10.42: எல்லோருக்குமான கதை. யூனிடேரியன் மரபிலிருந்து வளர்ந்த அமெரிக்க யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபைகளில் வழிபாட்டின் தொடக்கத்திலேயே இதற்கு நேரம் ஒதுக்குவார்கள். ஏழு நிமிடம் போதும். நீதியைக் கடைசியில் விளக்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்.

10.50: ஒரு நிமிட மௌனம். முடிவில் மணி அடிப்பது ஒரு குழந்தை.

10.52: பேச்சு, பன்னிரண்டு நிமிடம். காகிதமும் வண்ணப் பென்சிலும் தரையில் இருக்கட்டும். வரைந்துகொண்டே கேட்கும் குழந்தை நன்றாகத்தான் கேட்கும்.

11.05: வட்ட உரையாடல், இருபது நிமிடம்.

11.25: மலர்ப் பகிர்வு. செக் நாட்டு யூனிடேரியன் போதகர் நார்பெர்ட் சாபெக் 1923-இல் பிராகா நகரில் தொடங்கிய சடங்கு இது. ஆளுக்கு ஒரு பூ கொண்டுவந்து பொதுச் சாடியில் வைப்பார்கள். போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துச் செல்வார்கள். சாபெக் 1942-இல் நாஜிகளால் கொல்லப்பட்டார்; சடங்கு உலகமெங்கும் பரவியது. மொழி தேவையில்லாத, மதம் தடுக்காத, மூன்று வயதுக்கும் புரிகிற செயல் இது. தில்லியில் பூவுக்குப் பஞ்சமில்லை. காஜிப்பூர் பூ மண்டியில் சாமந்தி மலிவாகக் கிடைக்கும். மறந்துவிட்டு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் வாங்கி வையுங்கள்.

11.40: அறிவிப்பு, நன்றி, 11.45-க்குச் சாப்பாடு. குழந்தைகளுக்குத் தனிப் பந்தி வைக்காதீர்கள். முதல் பந்தியில் பத்து வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் கலந்து உட்காரட்டும். காரம் குறைவாகச் சமைத்து, ஊறுகாயைத் தனியாக வையுங்கள். இனிப்பு சாப்பிட முடியாதவர்களுக்குப் பழம் இருக்கட்டும்.

வட்டமும் மொழியும்

ஆறு பேருக்கு ஒரு வட்டம், ஒரே குடும்பத்தவர் ஒரே வட்டத்தில் வேண்டாம். பேரனின் கதையைத் தன் தாத்தாவைவிட இன்னொரு தாத்தா ஆர்வமாகக் கேட்பார். கேள்வி ஒன்று மட்டும். எல்லா வயதும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'அண்மையில் யார் உங்களுக்கு உதவினார்கள்?', 'எந்த விளையாட்டில் நேரம் போனதே தெரியாது?', 'எப்போது பயமாக இருந்தது, எது தைரியம் கொடுத்தது?' போன்றவை நன்றாக ஓடும். 'கடவுளைப் பற்றி உங்கள் கருத்து என்ன?' என்று தொடங்கினால் மூன்று பெரியவர்கள் மட்டும் பேசி முடிப்பார்கள்.

மூன்று விதிகள்: ஒருவர் பேசும்போது குறுக்கிடக்கூடாது, பேச விருப்பமில்லாவிட்டால் 'பாஸ்' சொல்லலாம், யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லக்கூடாது. மூன்றாவது விதி பெரியவர்களுக்குக் கஷ்டம். சிரித்த முகத்தோடு, ஆனால் உறுதியாக நினைவூட்டுங்கள்.

மொழி தில்லியின் தனிச் சிக்கல். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பாட்டிக்கு இந்தி வராது. இங்கே பிறந்த பேத்திக்குத் தமிழ் பேசவரும், படிக்க வராது. பாட்டுத் தாளில் ஒரே வரியைத் தமிழ் எழுத்திலும் தேவநாகரியிலும் அச்சிடுங்கள். வட்டத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வையுங்கள். இரண்டு மொழியிலும் வளர்ந்த பதின்வயதுப் பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் இல்லை. அந்த வேலையைச் செய்த பிறகு வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையே வேறாக இருக்கும்.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது

வயது கலக்கும் இடத்தில் இது ஒருங்கிணைப்பாளரின் முதல் கடமை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் குழந்தையின் படத்தைக் குழுவில் பகிராதீர்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். 'நம் சமூகத்துக்குள்ளேயே பேசிக்கொள்வோம்' என்பதற்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, முதியோர் உதவி எண் 14567, அவசர எண் 112. மூன்றையும் சுவரில் ஒட்டுங்கள். முதலுதவிப் பெட்டியும் அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போகும் வழியும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

இதுவே தொழிலாகலாம்

அமெரிக்க யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபைகளில் எல்லா வயதினருக்குமான நிகழ்ச்சிகளையும் சமயக் கல்வியையும் நடத்துவது சம்பளம் தரும் தொழில். அதற்குப் பயிற்சியும் தொழில்முறைச் சங்கமும் உண்டு. நம் ஊரில் அதே திறமை வேறு பெயர்களில் வேலை தேடித்தரும்: தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர், சமூகத் தொடர்பு அலுவலர், முதியோர் இல்லத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவு. முறையாகப் படிக்க விரும்பினால் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜாமியா மில்லியாவிலும் சமூகப்பணித் துறைகள் இருக்கின்றன.

தற்குறிப்பில் 'கூட்டம் நடத்தினேன்' என்று எழுதாதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வேலை ஏற்றார்கள், செலவு என்ன, முதல் மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் என்ன மாற்றம் என்று எழுதுங்கள். நேர்காணலில் கேட்பார்கள்: 'பத்து வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பெரியவரையும் ஒரே குழுவில் எப்படி வேலை செய்யவைத்தீர்கள்?' உங்களிடம் பெயர்ப் பட்டியலோடு பதில் இருக்கும். இருபத்தைந்து வயது மேலாளருக்குக் கீழே ஐம்பது வயது ஊழியர் வேலை பார்க்கும் இன்றைய அலுவலகத்துக்கு இந்தப் பயிற்சி நேரடியாகப் பயன்படும்.

மறுநாள் செய்ய வேண்டியவை

திங்கட்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்றே மூன்று எண்களைக் குறியுங்கள்: ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எத்தனை பேர் வந்தார்கள்; எத்தனை பேர் வேலை செய்தார்கள்; முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் தொலைபேசி எண் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த வயதுப் பிரிவில் வேலை செய்தவர்கள் குறைவோ, அடுத்த மாதத் திட்டக் கூட்டத்துக்கு அந்தப் பிரிவிலிருந்து இருவரைக் கூப்பிடுங்கள்.

வேலை செய்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். குழந்தைக்குச் சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடம் சொல்லாமல் குழந்தையிடமே சொல்லுங்கள்: 'நீ மணி அடிச்சது சரியான நேரத்துல இருந்துச்சு.' பெரியவரிடம் 'உங்க ஆசி' என்று நிறுத்தாமல், 'நீங்க கணக்குப் பார்த்ததால நானூறு ரூபா பிழை தெரிஞ்சது' என்று காரியத்தைச் சொல்லுங்கள்.

ஓர் ஆண்டு முடியும்போது உங்கள் பொறுப்பைக் கைமாற்றுங்கள். ஒரே ஆள் பத்தாண்டு நடத்தும் கூட்டத்தில் மற்ற எல்லா வயதும் விருந்தாளியாகிவிடும். உங்கள் இடத்துக்கு இரண்டு பேரை நியமியுங்கள்: ஒருவருக்கு இருபதை ஒட்டி வயது, இன்னொருவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கையெழுத்து, வங்கிக் கணக்கு, சாவி எல்லாவற்றிலும் இருவருக்கும் சம உரிமை. முதல் மூன்று மாதம் பக்கத்தில் இருங்கள். பிறகு நீங்களும் பரிமாறும் வரிசையில் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.